வென்ட் பைப்புக்கு மூடி போடாதீங்க: ஏற்காட்டு வீட்டு சோலார் ஹீட்டரில் நான்கு நாள் வேலை

மார்கழி இரண்டாவது வாரம் பெரியம்மா போன் செய்தார். "கண்ணு, மொட்டை மாடியில சோலார் பைப்புல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சே, அத ஒருத்தரு வந்து நிறுத்திக் குடுத்துட்டாரு. இப்ப கண்ணாடிக் குழா பக்கம் ஒழுகுது. உள்ள புஸ்சுனு ஒரு சத்தம் வேற கேக்குது."

சேலத்தில் ஒரு நூற்பாலையில் 22 வருஷமாக மெயின்டனன்ஸ் ஃபிட்டர் நான். நீராவியும் வெந்நீரும் ஓடுகிற லைன்களோடுதான் பிழைப்பு. ஒழுகுகிறது என்றதை விட, "நிறுத்திக் குடுத்துட்டாரு" என்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பைப் என்று கேட்டேன். "மேல வளைஞ்சு நிக்குமே, சும்மா தொறந்து கெடக்குமே, அது" என்றார். அது வென்ட் பைப், ஹீட்டர் டேங்கின் உச்சியில் இருந்து காற்றும் ஆவியும் போய் வருகிற வழி. யாரும் மாடிக்குப் போக வேண்டாம், குளியலறையில் வெந்நீர்க் குழாயைச் சன்னமாகத் திறந்து அப்படியே ஓட விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடிவாரம் போய் வண்டி பிடித்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும் வரை மனசெல்லாம் அந்த மூடி மேலேயே இருந்தது.

வீடு நாகலூர் போகிற வழியில், காப்பித் தோட்டத்து ஓரம். முன்பெல்லாம் சில்வர் ஓக் சுள்ளியும் காப்பிச் செடி கவாத்துக் கட்டையும் போட்டு எரிக்கிற செம்பு பாய்லர்தான் அங்கே வெந்நீருக்கு. பெரியம்மாவுக்கு மூட்டு வலி வந்த பிறகு, 200 லிட்டர், 20 கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர் வாங்கினார்கள். மாடிப்படி ஹெட் ரூம் மேல் சின்டெக்ஸ் தொட்டி. மொட்டை மாடியில் ஹீட்டர்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. நினைத்தபடியே வென்ட் பைப்பின் வாயில் எண்ட் கேப் ஒட்டியிருந்தது. மூன்று குழாய்களின் ரப்பர் ரிங் வழியாக நீர் கசிந்து ஸ்டாண்ட் எல்லாம் ஈரம். அதில் உடனே கை வைக்கவில்லை. குழாய்களின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, கீழே வெந்நீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, இருட்டும் வரை காத்திருந்தேன். டேங்க் ஆறிய பிறகு, கேப்புக்குக் கீழே ஹேக்சா பிளேடால் மெதுவாக அறுத்தேன். பிளேடு உள்ளே இறங்கியதும் காற்று சீறிக்கொண்டு வந்தது. அத்தனை நேரம் கீழே குழாய் திறந்திருந்தும் அவ்வளவு மிச்சம் இருந்தது.

இந்த வகை ஹீட்டர் டேங்க் அழுத்தம் தாங்குகிற பாத்திரம் கிடையாது. உள்ளே மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு, அதில் 20 ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ரப்பர் ரிங், ரிங்கில் செருகிய கண்ணாடிக் குழாய். மேல் தொட்டியில் இருந்து பத்தடி உயர நீர் அழுத்தினாலே அது 0.3 பார்; அதுவே இதற்குப் போதும் போதும் என்கிற அளவு. மூடிய டேங்கில் வெயில் ஏற ஏற நீர் விரியும். நீரைப் பிடித்து அமுக்க முடியாது, எங்காவது போயே தீரும். இங்கே ரிங் வழியாகப் போனது. அதுவும் வழிவிடாமல் இருந்திருந்தால் தகடு கிழிந்திருக்கும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம் என்பதால் திறந்த பாத்திரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். இரண்டு நாள் யாரும் குளிக்காமல் ஊருக்குப் போயிருந்தால் ஆவியே வந்திருக்கும்.

மூடி போட்ட மனிதரையும் நான் குறை சொல்லி முடித்துவிட விரும்பவில்லை. தினமும் மத்தியானம் சொட்டுகிறது, மாடித் தரை பாசி பிடிக்கிறது, நிறுத்திக் கொடுங்கள் என்று கேட்டார்கள், நிறுத்திக் கொடுத்தார். ஏன் சொட்டியது என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

முதல் தடயம் பெரியம்மா சொன்னது. வென்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் வைத்திருந்தாராம். வெயில் அடித்த நாளில் சாயங்காலம் பார்த்தால் கால் குடத்துக்கு மேல் இருக்குமாம், மழை மூட்டமான நாளில் ஒன்றும் இருக்காதாம். கணக்குப் போட்டேன். 200 லிட்டர் நீர் 15 டிகிரியில் இருந்து 70 டிகிரிக்குச் சூடானால் நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல் விரியும். நாலு லிட்டருக்கு மேல் கூடும். கால் குடம்! குடம் பொய் சொல்லவில்லை, விரிந்த நீர் முழுக்க வென்ட் வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது.

அது அப்படி வெளியேறக் கூடாது. விரிந்த நீர் போக வேண்டிய இடம் ஃபீட் பைப், அதாவது சின்டெக்ஸில் இருந்து ஹீட்டருக்குக் குளிர்ந்த நீர் வருகிற பைப். காலையில் குளிக்கும்போது மேலிருந்து கீழே வரும், மத்தியானம் விரியும்போது நாலு லிட்டர் கீழிருந்து மேலே சின்டெக்ஸுக்குத் திரும்பும். மூச்சு மாதிரி, இரண்டு பக்கமும் போய் வர வேண்டும். இங்கே ஃபீட் பைப்பில் ஒரு என்.ஆர்.வி., அதாவது நீரை ஒரே பக்கம் மட்டும் போக விடுகிற வால்வு, போட்டிருந்தது. வந்த நீர் திரும்பிப் போக வழியில்லை. மிச்சம் இருந்த ஒரே வழி வென்ட். முக்கால் இன்ச் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்குகிற பிளாஸ்டிக்) பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர்தான் பிடிக்கும். நாலு லிட்டரை வென்டுக்குள்ளேயே நிறுத்திவைக்க வேண்டும் என்றால் ஐம்பது அடி உயரத்துக்குப் பைப் தூக்க வேண்டும். ஆகவே என்.ஆர்.வி. இருக்கிற வரைக்கும் எவ்வளவு உயர்த்தினாலும் சொட்டும்.

என்.ஆர்.வி.யை ஏன் போட்டார்கள் என்பதும் லைனைத் தடவிப் பார்த்தபோது புரிந்தது. ஹீட்டருக்கு எனத் தனி ஃபீட் எடுக்காமல், குளியலறைக்கு இறங்குகிற குளிர்நீர் பைப்பில் ஒரு டீ போட்டு இழுத்திருந்தார்கள். அப்படி இழுத்தால், சின்டெக்ஸ் காலியாகிற நேரத்தில் கீழே பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஹீட்டரின் வெந்நீர் பின்பக்கமாக இறங்கி வந்து கையைச் சுடும். அதைத் தடுக்க என்.ஆர்.வி. ஒரு தவறைச் சரிக்கட்ட இன்னொன்று, அதைச் சரிக்கட்ட மூடி.

இரண்டாவது காரணம் உயரம். வென்டின் வளைவு சின்டெக்ஸ் நீர்மட்டத்தை விட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்று ஹெட் ரூம் மேல், மற்றது பத்தடி தள்ளி. பக்கத்து வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்க நீர் நிரப்பிய நீளமான டியூப்) கேட்டேன். "மேஸ்திரி வேலைக்குத்தானுங்க இது, பைப்பு வேலைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கூடவே வந்து ஒரு முனையைப் பிடித்தார். சின்டெக்ஸின் ஓவர்ஃப்ளோ பைப்பின் அடி விளிம்புக்கு ஒரு முனை, வென்ட் பக்கம் மறு முனை. இன்றைக்கு இருக்கிற நீர்மட்டத்தை அளக்கக் கூடாது. மோட்டாரை நிறுத்த மறந்தால் நீர் எது வரை ஏறுமோ அதைத்தான் அளக்க வேண்டும். வென்டிலும் வளைவின் உச்சியை விட்டுவிட்டு, உள்ளே நீர் தாண்டி விழுகிற அடி விளிம்பைப் பிடிக்க வேண்டும். வித்தியாசம் 4 செ.மீ.தான்.

சேர்ந்த இரண்டு பாத்திரத்தில் நீர் ஒரே மட்டத்தில்தானே நிற்கும், 4 செ.மீ. போதாதா என்று கொத்தனார் கேட்டார். நியாயமான கேள்வி. டியூப் லெவலில் இரண்டு பக்கமும் ஒரே நீர். இங்கே ஒரு பக்கம் குளிர்ந்த நீர், மறுபக்கம் சூடான நீர். சூடானது எடை குறைவு, அதனால் அதே பாரத்தைச் சமன் செய்ய அது கூடுதல் உயரம் நிற்கும். எங்கள் ஹீட்டரில் குளிர்நீர் நுழையும் இடத்தில் இருந்து ஓவர்ஃப்ளோ மட்டம் 2.1 மீட்டர். நன்றாகச் சூடேறினால் இதற்கே ஐந்தாறு செ.மீ. உயரம் கூடிவிடும். வென்ட் நீர்மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அடிப்படையாக 150 மி.மீ., அதோடு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 40 மி.மீ. எங்களுக்கு 234 மி.மீ. வந்தது. நான் ஒன்றரை அடி கொடுப்பது என்று முடிவு செய்தேன். பைப் விலை ஒன்றும் பெரிதில்லை.

அந்தக் கணக்கை எனக்குச் சொன்னது இங்கிலாந்தில் இருக்கிற மைத்துனர். அங்கே பழைய வீடுகளில் அறையைச் சூடாக்க ரேடியேட்டர்களில் வெந்நீர் சுற்றும். பரண் மேல் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதில் இருந்து 15 மி.மீ. ஃபீட் ஒன்று இறங்கும், 22 மி.மீ. வென்ட் ஒன்று ஏறி அந்தத் தொட்டிக்கு மேலேயே வளைந்து நிற்கும். தொட்டியில் குளிர்ந்திருக்கும்போது அடியில் கொஞ்சம்தான் நீர் விடுவார்கள், விரிந்து வருவதற்கு இடம் வேண்டும் என்று. நம்மூர் ஹீட்டரில் இல்லாத ஒன்று அங்கே உண்டு, பம்ப். அதனால் ஃபீடும் வென்டும் லைனில் சேருகிற இரண்டு இடத்துக்கும் நடுவே 150 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, நடுவில் வால்வு கூடாது, பம்ப் அவை இரண்டையும் தாண்டித்தான் உட்கார வேண்டும். தள்ளித் தள்ளிச் சேர்த்தால் இரண்டு இடத்திலும் அழுத்தம் வேறுபடும்; பம்ப் ஓடும்போதெல்லாம் வென்ட் வழியாக நீர் தொட்டியில் கொட்டி, ஃபீட் வழியாகத் திரும்பி இறங்கும். அப்படிச் சுற்றினால் காற்று கலந்து இரும்பு துருவேறும், கறுப்புச் சேறு உண்டாகி ஃபீட் சேருகிற இடத்தையே அடைத்துவிடும். மைத்துனர் வீட்டில் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தபோது பென்சில் நுழையாத அளவு ஓட்டைதான் இருந்ததாம். தேசம் வேறானாலும் இந்த இரண்டு பைப்புக்கும் சட்டம் ஒன்றுதான்: ஒன்றை அடைத்தால் மற்றது பாடுபடும்.

மறுநாள் கீழே இறங்கி செவ்வாய்பேட்டையில் சாமான் வாங்கினேன். முக்கால் இன்ச் சி.பி.வி.சி. நாலு லென்த், எல்போ பத்து, பித்தளை எம்.டி.ஏ. (பைப்பைத் திருகு மரையோடு சேர்க்கிற இணைப்பு) மூன்று, யூனியன் இரண்டு, ஃபுல் போர் பால் வால்வு ஒன்று, டேங்க் நிப்பிள் ஒன்று, ஒரு அடி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நிப்பிள், சி.பி.வி.சி.க்கான சொல்யூஷன், டெஃப்ளான் டேப், ரப்பர் ரிங் ஆறு. வெள்ளை பி.வி.சி. மலிவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஃபீட் பைப் பச்சைத் தண்ணீர்தானே என்றார். மத்தியானம் அதில் வெந்நீர் பின்னால் வரும், வெள்ளைப் பைப் தொய்ந்துவிடும் என்று சொல்லி வாங்கவில்லை. லென்த் பைப்பை மலை மேல் கொண்டுபோக, மிளகு மூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற பிக்கப் ஒன்று கிடைத்தது.

ஃபீட் வேலை முதலில். சின்டெக்ஸில் புதிதாக ஹோல் சாவால் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் வைத்தேன். குளியலறைக்குப் போகிற பழைய ஓட்டையை விட இரண்டு இன்ச் மேலே. காரணம் உண்டு: தொட்டி காலியாகும்போது ஹீட்டருக்குப் போவது முதலில் நிற்க வேண்டும், பச்சைத் தண்ணீர் கடைசியாக நிற்க வேண்டும். தலைகீழாக வைத்தால் குளித்துக்கொண்டிருக்கிறவர் மேல் திடீரென்று வெறும் வெந்நீர் மட்டும் கொட்டும். மேலே வைத்ததால் அடியில் தங்குகிற மண்ணும் ஹீட்டருக்குப் போகாது. டீயைக் கழற்றி மூடிவிட்டு, என்.ஆர்.வி.யை எடுத்துவிட்டேன். தனி ஃபீட் ஆகிவிட்டதால் அதற்கு வேலையே இல்லை.

என்.ஆர்.வி. இல்லாவிட்டால் சூடு பின்னால் ஏறி சின்டெக்ஸ் வெதுவெதுப்பாகிவிடாதா? ஆகும், பைப் ஹீட்டரில் இருந்து நேராக மேலே ஏறினால். அதனால் ஹீட்டரின் குளிர்நீர் வாய்க்கு வருகிற பைப்பை, அந்த வாயை விட ஒரு அடி கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றிச் சேர்த்தேன். யூ வளைவு. சூடான நீர் தானாகக் கீழே இறங்காது. விரிகிற நாலு லிட்டரில் முதலில் நகர்வது பைப்பில் ஏற்கெனவே நிற்கிற குளிர்ந்த நீர்தான்.

இங்கே ஒரு தப்பு செய்தேன், அதை எழுதியே ஆக வேண்டும். ஹெட் ரூம் கூரை ஓரத்தில் அரை அடித் திட்டு இருக்கிறது. ஃபீட் பைப்பை அதன் மேலேறி இறக்கினேன். திட்டின் மேல் பைப் மேடாக நின்றது, டேங்க் நிப்பிளை விட நாலு இன்ச் உயரம். தொட்டி நிரம்பியிருந்தபோது நீர் ஓடியது. காலையில் மட்டம் இறங்கியதும் மேட்டில் காற்று நின்றுவிட்டது. வெந்நீர் நூல் போல வந்து நின்றே போனது. பைப்பைத் தட்டியும் குழாயை ஊதியும் அரை மணி நேரம் வீணாயிற்று. கடைசியில் திட்டில் துளை போட்டு, நிப்பிளில் இருந்து யூ வளைவு வரை எங்கும் ஏறாமல் சரிவாகவே வருகிற மாதிரி மாற்றிக் கட்டினேன். பிறகு பிரச்சினையே இல்லை. மேடு தவிர்க்கவே முடியாத வீட்டில் அந்த மேட்டின் உச்சியில் ஒரு சின்ன வென்ட் ஏற்ற வேண்டும். யூ வளைவில் காற்று நிற்காது, அது பள்ளம், மேடுதான் சனியன்.

வென்டுக்கு டேங்க் உச்சி சாக்கெட்டில் எஸ்.எஸ். நிப்பிள், அதற்கு மேல் எம்.டி.ஏ., அதற்கு மேல் ஒரே பைப், நடுவில் ஜாயின்ட் இல்லை, வால்வு இல்லை. ஆவி வந்தால் முதல் அடிதான் அதிகம் சுடும், அதனால்தான் அங்கே எஃகு. மேலே இரண்டு எல்போவில் வாய் கீழ் நோக்கித் திரும்புகிறது. டியூப் லெவலில் குறித்த கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி, சரியாக 46 செ.மீ. வந்தது. சேர்வராயன் மலைக் காற்றுக்கு ஆடாமல் இருக்க ஆங்கிளில் இரண்டு கிளாம்ப் போட்டேன். இறுக்கவில்லை. பைப் சூடானால் ஆறு மில்லிமீட்டர் வரை நீளும், அதற்கு வழுக்கி ஏற இடம் வேண்டும்.

வாயைச் சின்டெக்ஸுக்குள்ளேயே திருப்பிவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாதே என்று தம்பி கேட்டான். எப்போதாவது கொதித்துத் தள்ளினால் கொதிநீர் பிளாஸ்டிக் தொட்டிக்குள் விழும், பிளாஸ்டிக் இளகும் என்று சொன்னேன். மனிதர் நடமாடாத மூலைப் பக்கம் திருப்பிவைத்திருக்கிறேன். வாயில் பெரிய கண் உள்ள ஸ்டீல் வலை. பழைய வென்டைப் பிளந்து பார்த்தபோது உள்ளே குளவி மண் கூடு கட்டிப் பாதி அடைத்திருந்தது. கேப் போடாமல் விட்டிருந்தாலும் இன்னும் சில மாதத்தில் குளவியே மூடியிருக்கும்.

சொல்யூஷன் போட்ட ஜாயின்ட்டைச் சேலத்தில் என்றால் சாயங்காலமே நீர் விட்டுப் பார்ப்பேன். ஏற்காட்டில் பனியும் குளிரும் சேர்ந்து உலர நேரமாகும், இரவு முழுக்க விட்டேன். ரப்பர் ரிங் மூன்றையும் மாற்றினேன். சோப்பு நீர் தடவித் திருகித் திருகிச் செருக வேண்டும், தள்ளினால் கண்ணாடி உடையும். நீர் நிரப்பியது காலை ஆறு மணிக்கு, மூட்டம் கலையும் முன், தார்ப்பாய் போர்த்தியபடியே. வெறும் குழாய் வெயிலில் காய்ந்திருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். நிரம்ப நிரம்ப வென்ட் வாயில் கை வைத்துப் பார்த்தேன், காற்று சீராக வெளியே வந்து கொண்டிருந்தது, பிறகு நின்றது.

நாலாம் நாள் நல்ல வெயில். மத்தியானம் மூன்று மணிக்குக் குளியலறைக் குழாயில் 64 டிகிரி. வென்டுக்கு அடியில் வைத்த குடம் காய்ந்தே இருந்தது. ஃபீட் பைப்பைத் தொட்டுப் பார்த்தேன்: ஹீட்டர் வாயில் சுடுகிறது, யூ வளைவின் அடியில் வெதுவெதுப்பு, அடுத்த ஏற்றத்தில் சில்லிட்டுக் கிடக்கிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு 57 டிகிரி.

பெரியம்மாவிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தேன். போகிக்கு முன் சின்டெக்ஸ் கழுவ ஆள் வருவார், அப்போது ஃபீடின் பால் வால்வை மூடுவார்கள். அந்த நேரம் கீழே யாராவது வெந்நீர்க் குழாயைத் திறந்தால், மூடி போட்ட வென்ட் என்றால் இறங்குகிற நீர் டேங்கை உள்பக்கமாக உறிஞ்சும். 0.3 பார் உறிஞ்சினாலே ஒரு சதுர அடித் தகட்டின் மேல் 280 கிலோ வெளியில் இருந்து அழுத்துகிற மாதிரி. டேங்க் சொட்டையாகிவிடும். அந்த மூடி இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

போகிக்கு முந்தின நாள் நானும் அங்கே இருந்தேன். கழுவுகிற ஆள் சின்டெக்ஸுக்குள் இறங்கியிருந்தார், வால்வு மூடியிருந்தது. பேத்தி கீழே வெந்நீர்க் குழாயைத் திறந்திருக்கிறாள். வென்ட் பைப்பில் முதலில் களுக் களுக் என்று நீர் இறங்கியது, பிறகு ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு.

"என்ன கண்ணு அது சத்தம், மறுபடியுமா?" என்று படியில் நின்றபடி கேட்டார் பெரியம்மா.

"காத்து உள்ள போகுதுங்க பெரியம்மா" என்றேன்.